எப்போது, எங்கே, எவ்வளவு தள்ளி? வார்ஹாமர் 40,000 ரிசர்வ் விதிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார்ஹாமர் 40,000 சிறு மாடல்களைப் படையாக மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு. அதில் ஆட்டம் தொடங்கும்போது மேசையில் வைக்காமல், நடுவில் களமிறக்குவதற்காக ஒதுக்கி வைக்கும் யூனிட்டுகளை (மாடல் அணிகளை) ரிசர்வ் என்கிறோம். பின்தங்கிய ஆட்டத்தை நிமிர்த்த இதைவிட நல்ல கருவி கிடையாது. மேசையோரத்தில் குரல் உயர்வதும் பெரும்பாலும் இந்த விதிகளால்தான். கேட்கிறவர் யாரும் ஏமாற்ற நினைப்பதில்லை. ஒரே வாக்கியத்தை இருவர் இரண்டு விதமாகப் படித்திருப்பார்கள், இருவரும் தாம் படித்ததுதான் சரி என்று நம்பியிருப்பார்கள். அப்படித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். விதி தெளிவாக இருக்கும் இடத்தில் விதியைச் சொல்கிறேன். என் தீர்ப்பு என்றால் அப்படியே குறிப்பிடுகிறேன்.

இங்கே பேசப்படுவது எந்தப் பதிப்பு?

நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் ஒர்க்ஷாப் 2023 ஜூனில் வெளியிட்ட 10ஆம் பதிப்பும், அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் விளக்கக் குறிப்புகளும். அச்சுப் புத்தகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வாதிட்டால் பாதி இடங்களில் தவறிப்போகும். திருத்தங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆடப் போகும் முன் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

ரிசர்வ், ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சண்டைகள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகின்றன.

மேசைக்கு வெளியே காத்திருக்கும் எல்லா யூனிட்டுக்கும் பொதுப்பெயர் ரிசர்வ். அதற்குள் ஒரு வகைதான் ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வ். எந்தச் சிறப்புத் திறனும் இல்லாத சாதாரணக் காலாட்படையைக்கூட இந்த வகையில் ஒதுக்கி வைத்து, பிறகு மேசை விளிம்பிலிருந்து உள்ளே கொண்டுவரலாம். மேசையின் நடுவிலும் நேரடியாக இறங்க உதவும் டீப் ஸ்ட்ரைக் திறனை வைத்து ஒதுக்கப்படும் யூனிட் ரிசர்வில் இருக்கிறது, ஆனால் ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் இல்லை. ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் இருக்கும் யூனிட்டோ தானாகவே ரிசர்விலும் இருக்கிறது.

ஆகவே எந்த விதியைப் படித்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பதை. ‘ரிசர்வில் உள்ள யூனிட்’ என்றால் இரண்டு வகைக்கும் பொருந்தும். ‘ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் உள்ள யூனிட்’ என்றால் டீப் ஸ்ட்ரைக்குக்காகக் காத்திருக்கும் டெர்மினேட்டர் போன்ற யூனிட்டுகளுக்கு அந்த வரியோடு தொடர்பில்லை. ஸ்பேஸ் மரீன்களின் இன்ஃபில்ட்ரேட்டர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்விலிருந்து வரும் எதிரி யூனிட்டுகள் தங்களுக்கு 12 அங்குலத்துக்குள் இறங்க முடியாதபடி தடுக்கும் திறன் அவர்களுக்கு உண்டு. அதில் பொதுப்பெயர்தான் இருக்கிறது. எனவே விளிம்பிலிருந்து வருகிறவரையும் தடுக்கும், வானத்திலிருந்து குதிக்கிறவரையும் தடுக்கும்.

ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் எவ்வளவு வைக்கலாம்?

ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. ஆட்டத்தின் புள்ளி வரம்பில் 25 சதவீதம். 1,000 புள்ளி ஆட்டத்தில் 250, 2,000 புள்ளியில் 500, 3,000 புள்ளியில் 750. ஊர்தியை ஒதுக்கி வைத்தால் உள்ளே ஏறியிருப்பவர்களின் புள்ளிகளும் சேரும். ஊர்தியின் விலையை மட்டும் எண்ணிவிட்டு உள்ளே இருக்கும் பத்துப் பேரை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. கோட்டை வகை மாடல்களை ஒதுக்கி வைக்கவே முடியாது.

இந்த 25 சதவீதம் ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வுக்கு மட்டும் உரிய வரம்பு. மொத்த ரிசர்வுக்கு வேறு வரம்பு உண்டா என்பதை நீங்கள் ஆடும் மிஷன் தொகுப்பில்தான் (ஆட்டத்தின் இலக்குகளும் கூடுதல் விதிகளும் அடங்கிய தொகுப்பு) பார்க்க வேண்டும்.

டீப் ஸ்ட்ரைக் திறன் உள்ள யூனிட்டை ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வில் வைத்துவிட்டேன். இனி விளிம்பிலிருந்துதான் வர வேண்டுமா?

வேண்டியதில்லை. களமிறக்கும் நேரத்தில் எந்த வழி என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று டீப் ஸ்ட்ரைக் விதியே சொல்கிறது. டீப் ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுத்தால் அதன் நிபந்தனைகள் மட்டும்: எல்லா எதிரி மாடல்களிடமிருந்தும் கிடைமட்டமாக 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி, மேசையில் எங்கு வேண்டுமானாலும் இறங்கலாம். ‘2ஆம் சுற்றில் எதிரியின் களமிறங்கு பகுதிக்குள் கூடாது’ என்ற தடை விளிம்பு வழியாக வருகிறவருக்கு உரியது. வானிலிருந்து இறங்குகிறவருக்கு அது கிடையாது. இரண்டு வழிகளிலும் வசதியான பாதியை மட்டும் பொறுக்கிச் சேர்த்து மூன்றாவது வழி ஒன்றை உருவாக்கக் கூடாது.

தலைவனுக்கு டீப் ஸ்ட்ரைக் இல்லை, அவன் சேர்ந்த அணிக்கு இருக்கிறது. இறங்கலாமா?

கூடாது. யூனிட்டில் உள்ள ஒவ்வொரு மாடலுக்கும் அந்தத் திறன் இருந்தால்தான் செல்லும். தலைவனை அணியோடு சேர்ப்பதும் ரிசர்வில் வைப்பதும் ஆட்டத்துக்கு முந்தைய அதே படியில் அறிவிக்கப்படுகின்றன. சேர்த்துவிட்டால் இருவரும் ஒரே யூனிட். தலைவனுக்குத் திறன் இருந்து அணிக்கு இல்லையென்றாலும் பதில் இதுவே.

முதல் சுற்றில் யாருமே வர முடியாதா?

ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வ் முதல் சுற்றில் வரக் கூடாது என்பதை அடிப்படை விதியே சொல்லிவிடுகிறது. டீப் ஸ்ட்ரைக் விதியில் சுற்று எண் எதுவும் இல்லை. அந்தத் தடை போட்டி மிஷன் தொகுப்பிலிருந்து வருகிறது. நண்பர்கள் இருவர் மிஷன் தொகுப்பு இல்லாமல், அடிப்படை விதிகளை மட்டும் வைத்து ஆடினால், முதல் சுற்று டீப் ஸ்ட்ரைக் பற்றி முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், அப்போதும் முதல் சுற்றில் வேண்டாம் என்பேன். இரண்டாவதாக ஆடுகிறவர் ஒரு மாடலைக்கூட நகர்த்தாத நிலையில் அவர் முதுகுக்குப் பின்னால் படை இறங்குவது ஆட்டத்துக்கு நல்லதல்ல.

விதிவிலக்கு, வானிலிருந்து படையை இறக்கும் ஊர்தியான டிராப் பாட். மிஷன் விதி என்ன சொன்னாலும் முதல், இரண்டாம், மூன்றாம் நகர்வுக் கட்டங்களில் ஏதாவது ஒன்றில் இறங்கலாம் என்று அதன் தகவல் அட்டையில் எழுதியிருக்கிறது. ‘மிஷன் விதி என்ன சொன்னாலும்’ என்ற அந்தச் சொற்கள் இருப்பதால்தான் அது தடையைத் தாண்டுகிறது. அவை இல்லாத வேறு யூனிட்டுக்கு, ‘இதுவும் அதுபோலத்தானே’ என்று அதே சலுகையை நீட்டிக்க முடியாது.

2ஆம் சுற்றில் விளிம்பிலிருந்து வருவதற்கான விதியை இருவரும் வேறு வேறாகப் படிக்கிறோம். எது சரி?

விதியின் சாரம் இது: யூனிட் மேசையின் ஏதாவது ஒரு விளிம்பிலிருந்து 6 அங்குலத்துக்குள் *முழுமையாக* இருக்க வேண்டும், எந்த மாடலும் எதிரியின் களமிறங்கு பகுதி*க்குள்* இருக்கக் கூடாது, எதிரி மாடல்களிடமிருந்து கிடைமட்டமாக 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். 3ஆம் சுற்றிலிருந்து இரண்டாவது நிபந்தனை விலகிவிடும், மற்ற இரண்டும் நிற்கும்.

குழப்பம் ‘முழுமையாக’ என்ற சொல் ஓரிடத்தில் வந்து மற்றோரிடத்தில் வராததில் இருக்கிறது. முழுமையாக உள்ளே என்றால் பேஸின் (மாடல் நிற்கும் அடித்தட்டின்) ஒவ்வொரு புள்ளியும் உள்ளே. வெறுமனே உள்ளே என்றால் பேஸின் ஏதாவது ஒரு பகுதி உள்ளே இருந்தாலே போதும். ஆகவே 6 அங்குலப் பட்டையிலிருந்து பேஸ் ஒரு மயிரிழை வெளியே நீண்டாலும் களமிறக்கம் செல்லாது. எதிரியின் பகுதியை ஒரு மயிரிழை தொட்டாலும் செல்லாது. இரண்டு நிபந்தனைகளும் இறக்குகிறவரை இறுக்கவே செய்கின்றன. ‘பாதிதானே உள்ளே இருக்கிறது’ என்று ஓரிடத்தில் சலுகை கேட்கிறவர், தமக்கு வசதியான இடத்தில் ஒரு பொருளும் வசதியில்லாத இடத்தில் வேறு பொருளும் கொள்கிறார்.

பெரிய மாடல்களில் இது கண்கூடாகத் தெரியும். இம்பீரியல் நைட்டின் நீள்வட்ட பேஸ் 170 மில்லிமீட்டர் நீளம், 109 மில்லிமீட்டர் அகலம். அங்குலக் கணக்கில் ஏறக்குறைய 6.7, 4.3. மேசையின் உள்பக்கம் பார்த்து நேராக நிறுத்தினால் முக்கால் அங்குலம் போல வெளியே நீளும். பக்கவாட்டில் திருப்பி, நீளப் பக்கத்தை விளிம்போடு ஒட்டினால் தாராளமாக அடங்கும். எனவே ‘நைட்டுக்கு இடம் போதாது’ என்று சொல்லும் முன் திருப்பிப் பாருங்கள். எதிராளி நேராக நிறுத்தியிருந்தால் திருப்பச் சொல்லுங்கள்.

‘ஏதாவது ஒரு விளிம்பு’ என்பதில் எல்லா விளிம்பும் அடக்கம். 2,000 புள்ளி ஆட்டத்துக்கான 44-க்கு 60 அங்குல மேசையில் நான்கு பக்கமும் வாசல்தான். எதிரியின் பின்விளிம்பு 2ஆம் சுற்றில் பெரும்பாலும் கிடைக்காமல் போவதற்குக் காரணம் அது அவருடைய விளிம்பு என்பதல்ல. அவருடைய களமிறங்கு பகுதி அதை ஒட்டி இருப்பதுதான். அந்தப் பகுதி விளிம்பின் முழு நீளத்துக்கும் இல்லாத மிஷன் வரைபடங்களில், மீதமுள்ள நீளம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது.

சரியாக 9 அங்குலம் இருந்தால்?

செல்லாது. 9-க்கு மேல் இருக்க வேண்டும்.

நடைமுறையில் சண்டை வேறிடத்தில் வருகிறது. அளக்கும்போது பட்டை சற்று நகரும், மாடலை வைக்கும்போது கை சற்று நகரும், பிறகு சார்ஜ் செய்யும்போது, அதாவது கைகலப்புக்காக எதிரியை நோக்கிப் பாயும்போது, மறுபடி அளந்தால் எட்டரை என்று காட்டும். இதற்கு ஒரே மருந்து, வைக்கும் கணத்திலேயே இருவரும் சேர்ந்து அளந்து, ‘இது 9-க்கு மேல், சார்ஜுக்குப் பகடையில் 9 வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது. அதன்பிறகு மாடல் சரிந்தாலும் மேசை குலுங்கினாலும் அந்த ஒப்பந்தமே நிற்கும். 9 அங்குல நீளக் குச்சி ஒன்றை வெட்டி வைத்துக்கொண்டால் அளவுப்பட்டையைவிட வேகமாக வேலை முடியும்.

எதிரி இறங்காதபடி இடத்தை அடைத்துக் காவல் நிற்கிறவருக்கும் ஒரு கணக்கு. இரண்டு காவல் மாடல்களுக்கு நடுவே, அவற்றை இணைக்கும் நேர்கோட்டில், 40 மில்லிமீட்டர் பேஸ் உள்ள டெர்மினேட்டர் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் இரு பக்கமும் ஒன்பது ஒன்பது, நடுவில் பேஸின் அகலம் ஏறக்குறைய 1.6, ஆக 19.6 அங்குல இடைவெளியாவது தேவை. அதற்குக் குறைவாக நிறுத்தினால் அந்தக் கோட்டில் யாரும் இறங்க முடியாது. கோட்டை விட்டு முன்னோ பின்னோ விலகினால் தூரம் கூடும், அங்கே ஓட்டை கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘கிடைமட்டமாக’ என்றால் இடிந்த கட்டடத்தின் மாடியில் இருக்கிறவரை எப்படி அளப்பது?

மேலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உயரம் கணக்கில் வராது. மூன்றாம் தளத்தில் எதிரி நிற்கிறார், நீங்கள் தரையில் இறங்குகிறீர்கள் என்றால், அவர் பேஸின் நேர் கீழே உள்ள இடத்திலிருந்து 9-க்கு மேல் இருக்க வேண்டும். உயரத்தையும் சேர்த்துச் சாய்வாக அளந்து ‘9-ஐத் தாண்டிவிட்டது’ என்று கிட்டே இறங்குவது விதிக்குப் புறம்பானது.

ஆனால் சார்ஜ் அளவில் உயரம் மீண்டும் நுழைகிறது. எதிரியிலிருந்து கிடைமட்டமாக 9-ஐச் சற்றே தாண்டி, 3 அங்குல உயரத் தளத்தில் இறங்கினீர்கள் என்று வையுங்கள். கீழே தரையில் நிற்கும் அவரைத் தாக்க, பறக்காத மாடல் அந்த 3 அங்குலத்தையும் இறங்கியாக வேண்டும். சமதரையில் 9 போதுமாக இருந்த பகடை இப்போது 12 ஆகிவிடும்.

இறங்கிய அதே முறையில் சார்ஜ் செய்யலாமா? சுடலாமா?

இரண்டும் செய்யலாம். மேற்கொண்டு நகரத்தான் முடியாது. சாதாரண நகர்வு, அட்வான்ஸ், பின்வாங்கல் எதுவும் இல்லை. அசையாமல் நின்றதாகவும் கணக்காகாது, எனவே ‘ஹெவி’ ஆயுதங்களுக்கு அசையாததற்கான கூடுதல் பலன் கிடைக்காது.

சார்ஜ் பற்றி ஆசைப்படும் முன் எண்களைப் பாருங்கள். எதிரியின் 1 அங்குலத்துக்குள் சேர்ந்தால் போதும் என்பதால் 9-க்குச் சற்று மேலிருந்து இரண்டு பகடையில் 9 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36-இல் 10 வாய்ப்பு, அதாவது 28 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மறுவீச்சு இருந்தால் 48 சதவீதத்தை ஒட்டும். மறுவீச்சு இல்லாத யூனிட்டை இந்த நம்பிக்கையில் மட்டும் ரிசர்வில் வைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

ரேபிட் இன்கிரஸ் என்பது சரியாக என்ன? ஏன் இவ்வளவு வாதம்?

ஒரு கமாண்ட் பாயின்ட் (ஆட்டத்தின்போது செலவிடும் கட்டளைப் புள்ளி) விலையுள்ள ஸ்ட்ராடஜம், அதாவது அந்தப் புள்ளியைச் செலவிட்டுப் பயன்படுத்தும் தந்திரம். எதிராளியின் நகர்வுக் கட்டத்தின் முடிவில், உங்கள் ரிசர்வில் உள்ள ஒரு யூனிட்டை, அது உங்கள் நகர்வுக் கட்டத்தின் ரிசர்வ் படியில் வருவதுபோலவே களமிறக்கலாம். சாதாரணமாக வர முடியாத சுற்றில் இதைக் கொண்டு வர முடியாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

முதல் வாதம் டீப் ஸ்ட்ரைக் பற்றியது. டீப் ஸ்ட்ரைக் விதியில் ‘உங்கள் நகர்வுக் கட்டங்களில் ஒன்றில்’ என்று இருக்கிறது. இன்கிரஸ் நடப்பதோ எதிராளியின் கட்டத்தில். அப்படியானால் டீப் ஸ்ட்ரைக் யூனிட் விளிம்பிலிருந்து மட்டும்தான் வர முடியுமா? எழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் ஆமாம் என்றார்கள். ‘உங்கள் கட்டம் போலவே’ என்ற சொல்லைப் பிடித்தவர்கள் இல்லை என்றார்கள். இரண்டும் நேர்மையான வாசிப்புகள்தான். கடைசியில் திருத்தம் வந்து முடித்துவைத்தது: யூனிட்டின் எல்லா மாடல்களுக்கும் டீப் ஸ்ட்ரைக் இருந்தால், உங்கள் நகர்வுக் கட்டமாக இல்லாவிட்டாலும் அந்த முறையில் இறங்கலாம். திருத்தத்தைப் பார்க்காதவர்களிடம் இந்த வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இரண்டாவது வாதம் சுற்று பற்றியது. ஒரு சுற்று என்பது இருவரின் முறைகளும் சேர்ந்தது. நீங்கள் இரண்டாவதாக ஆடுகிறவர் என்றால், 2ஆம் சுற்றில் எதிராளியின் முறைதான் முதலில் வரும். அதன் நகர்வுக் கட்ட முடிவிலேயே இன்கிரஸ் மூலம் இறங்கலாம், ஏனென்றால் அது 2ஆம் சுற்று. ‘என் இரண்டாவது முறை இன்னும் வரவில்லையே’ என்று தயங்க வேண்டாம், அவரும் தடுக்க முடியாது. இறங்கிய யூனிட் அடுத்து வரும் உங்கள் முறையில் இயல்பாக நகர்ந்து, சுட்டு, சார்ஜும் செய்யும். முதலில் ஆடுகிறவருக்கு இந்தப் பலன் ஒரு சுற்றுத் தள்ளித்தான் கிடைக்கிறது. ஆகவே இரண்டாவதாக ஆட நேர்ந்தால், முதல் சுற்றிலேயே ஒரு கமாண்ட் பாயின்ட்டை இதற்கென்று எடுத்து வைக்கச் சொல்வேன்.

விலை ஒன்று உண்டு. நீங்கள் இறங்கியவுடன் எதிராளியின் சுடும் கட்டம் வருகிறது. மறைவில்லாத இடத்தில் இறங்கினால் உங்கள் முறை வருவதற்குள் பாதி யூனிட் போய்விடும்.

ரிசர்விலிருந்து இறங்கும் யூனிட்டை ஓவர்வாட்ச் செய்யலாமா?

செய்யலாம். ஓவர்வாட்ச் என்பது எதிராளியின் முறையிலேயே குறுக்கிட்டுச் சுடும் ஸ்ட்ராடஜம். எதிராளியின் நகர்வுக் கட்டத்தில் அல்லது சார்ஜ் கட்டத்தில், எதிரி யூனிட் மேசையில் வைக்கப்பட்டவுடன் என்று ஓவர்வாட்ச் விதியிலேயே இருக்கிறது. 24 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். திருத்தப்படாத 6 விழுந்தால்தான் குண்டு படும்.

இதில் ஒரு நுட்பம். ரேபிட் இன்கிரஸ் மூலம் வருகிறவரை ஓவர்வாட்ச் செய்ய முடியாது. அப்போது நடப்பது சுட விரும்புகிறவரின் சொந்த நகர்வுக் கட்டம். ஓவர்வாட்ச் கேட்பதோ எதிராளியின் கட்டம். யாருடைய கட்டம் என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

‘நகர்வுக் கட்டத்தின் முடிவில்’ என்று இருவரிடமும் விதி இருக்கிறது. யாருடையது முதலில்?

யாருடைய முறை நடக்கிறதோ அவர் வரிசையைத் தீர்மானிப்பார். ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய விதிகள் மோதினால் பொதுவாகவே இதுதான் ஏற்பாடு.

இதன் விளைவு பெரிது. எதிராளியிடம் நகர்வுக் கட்ட முடிவில் ஒரு யூனிட்டைத் தூக்கி வேறிடத்தில் வைக்கும் திறன் இருக்கிறது, உங்களிடம் ரேபிட் இன்கிரஸ் இருக்கிறது என்று வையுங்கள். நடப்பது அவருடைய முறை. அவர் உங்களை முதலில் இறங்கச் செய்துவிட்டு, அதைப் பார்த்துத் தம் யூனிட்டை நகர்த்தலாம். அல்லது தாம் முதலில் நகர்ந்து நீங்கள் இறங்க நினைத்த இடத்தை அடைக்கலாம். ‘நான் முதலில் சொன்னேன்’ என்பது இங்கே எடுபடாது. ஆட்டத்துக்கு வெளியே, அதாவது போர் தொடங்கும் முன், இப்படி மோதினால் பகடை உருட்டி முடிவு செய்ய வேண்டும்.

நான் இறங்கத் தொடங்கிய பிறகு என் பிற யூனிட்டுகளை நகர்த்தி வழிவிடலாமா?

முடியாது. நகர்வுக் கட்டத்தில் முதல் படி நகர்வு, இரண்டாவது படி ரிசர்வ். இரண்டாவது படிக்கு வந்த பின் முதலாவதற்குத் திரும்ப இயலாது. மறந்துவிட்ட ஒரு யூனிட்டை நகர்த்திக்கொள்ள எதிராளி அனுமதித்தால் அது அவருடைய பெருந்தன்மை. உரிமையாகக் கேட்காதீர்கள்.

3ஆம் சுற்று முடிந்தும் வராத யூனிட் என்ன ஆகும்?

போட்டி மிஷன் தொகுப்புகளின்படி அழிந்ததாகக் கணக்கு. உள்ளே ஏறியிருப்பவர்களும் அவ்வாறே. ஆட்டம் தொடங்கிய பின்னர் ஏதாவது திறனால் ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வுக்குத் திரும்பிய யூனிட்டுக்கு இது பொருந்தாது.

கடைசி வாய்ப்பு எது என்பது யார் முதலில் ஆடுகிறார் என்பதைப் பொறுத்தது. முதலில் ஆடுகிறவருக்கு 3ஆம் சுற்றில் தம் முறை முடிந்தாலும், எதிராளியின் முறையில் ரேபிட் இன்கிரஸ் மிச்சம் இருக்கிறது. அதுவும் 3ஆம் சுற்றுதான். இரண்டாவதாக ஆடுகிறவருக்குத் தம் 3ஆம் முறையே கடைசி.

இலக்குக் குறிமேல் இறங்கினால் உடனே புள்ளி கிடைக்குமா?

பெரும்பாலான மிஷன்களில் முதன்மைப் புள்ளிகள் உங்கள் கமாண்ட் கட்டத்தின் முடிவில் எண்ணப்படுகின்றன. கமாண்ட் கட்டம் நகர்வுக்கு முந்தியது. எனவே உங்கள் நகர்வில் இறங்கினால் இந்த முறைக்கான எண்ணிக்கை முடிந்துபோயிருக்கும். எதிராளியின் அடுத்த கமாண்ட் கட்டத்தில் அவருக்குப் புள்ளி போகாமல் தடுக்கலாம், உங்களுக்கான புள்ளி உங்கள் அடுத்த முறையில். ரேபிட் இன்கிரஸில் இறங்கினால், அந்த யூனிட் சுடும் கட்டத்தையும் சண்டையையும் தாக்குப்பிடித்தால், உடனே வரும் உங்கள் கமாண்ட் கட்டத்திலேயே புள்ளி. இந்த ஸ்ட்ராடஜத்தின் முழு மதிப்பும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். குறியிலிருந்து கிடைமட்டமாக 3 அங்குலம், செங்குத்தாக 5 அங்குலத்துக்குள் இருந்தால் குறியின் எல்லைக்குள் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

விமானங்கள்?

ரிசர்வில்தான் தொடங்க வேண்டும். ஹோவர் திறன் உள்ளவை போருக்கு முன் அந்த நிலையைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஊர்திகளைப் போல நடத்தப்படும்.

விதி உண்மையிலேயே இரண்டு பொருள் தருகிறது, திருத்தமும் இல்லை. எப்படி முடிவெடுப்பது?

வாக்கியத்தை நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்ப்பேன். யார்? ரிசர்வா, ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வா, எல்லா மாடலுமா? எப்போது? யாருடைய கட்டம், எந்தச் சுற்று? எங்கே? முழுமையாக உள்ளேயா, வெறுமனே உள்ளேயா? எவ்வளவு தள்ளி? கிடைமட்டமாகவா? இதைச் செய்தாலே பெரும்பாலான ‘குழப்பங்கள்’ கரைந்துவிடும். விதியில் இருக்கும் சொல்லை யாரோ ஒருவர் தாண்டிப் படித்திருப்பார்.

அப்போதும் மிஞ்சினால், பழைய பதிப்புகளின் நினைவு குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள். நீண்டகால ஆட்டக்காரர்களிடம் இது அதிகம். 2008-இல் வந்த 5ஆம் பதிப்பில் ரிசர்வ் வருவதற்கே பகடை உருட்ட வேண்டும்: 2ஆம் முறையில் 4 அல்லது மேல், 3ஆம் முறையில் 3 அல்லது மேல். டீப் ஸ்ட்ரைக்கில் இறங்கினால் விலகல் பகடை மாடலை எங்கோ தள்ளும், இசகுபிசகாக விழுந்தால் விபத்து அட்டவணை, இறங்கிய முறையில் சார்ஜும் இல்லை. 2017-இல் 8ஆம் பதிப்பு விலகலை எடுத்துவிட்டது. 2018 ஏப்ரலில் முதல் சுற்று டீப் ஸ்ட்ரைக் சொந்தப் பகுதிக்குள் மட்டும் என்று சோதனை விதி வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் முதல் சுற்றில் கூடவே கூடாது என்று மாறியது. விளிம்பிலிருந்து வரும் ஸ்ட்ராட்டஜிக் ரிசர்வ் 2020-இல் 9ஆம் பதிப்போடு வந்தது, அதற்கு அப்போது கமாண்ட் பாயின்ட் செலவானது. இத்தனை விதிகளையும் ஆடித் தீர்த்த ஒருவர் ‘எனக்கு நன்றாக நினைவிருக்கிறது’ என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. நினைவிருப்பது வேறு பதிப்பு. பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

எல்லாம் முடிந்தும் தீராத கேள்விக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல்: இதே வாசிப்பை எதிராளி எனக்கு எதிராகப் பயன்படுத்தினால் ஏற்பேனா? ஏற்க மாட்டேன் என்றால் அதை நான் முன்வைக்கக் கூடாது. இருவரும் தத்தம் வாசிப்பை இந்த அளவுகோலில் வைத்தும் உடன்படாவிட்டால் பகடை உருட்டுங்கள், அதிகம் விழுந்தவர் சொல்வது அந்த ஆட்டம் முழுவதற்கும் இருவருக்கும் விதி. அடுத்த சுற்றில் மாற்றிப் பேசக் கூடாது.

போட்டியில்?

பகடை வேண்டாம், நடுவரை அழையுங்கள். கடிகாரம் வைத்து ஆடினால் முதலில் அதை நிறுத்துங்கள். அந்தப் போட்டிக்கென்று தனி விளக்கத் தொகுப்பு இருந்தால் அதுவே அங்கு இறுதி. உலக அணி சாம்பியன்ஷிப் போன்ற பெரிய போட்டிகள் சொந்தமாக இத்தகைய தொகுப்பை வெளியிடுகின்றன. அங்கே சொல்லப்பட்டது உங்கள் ஊர்ப் போட்டியைக் கட்டுப்படுத்தாது. உங்கள் படையின் திட்டமே ஒரு சந்தேக விதியின்மேல் நிற்கிறது என்றால், போட்டி நாளுக்குச் சில நாள் முன்பே அமைப்பாளருக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாடல்களை அடுக்கிய பிறகு கேட்டால், நடுவர் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் ஒருவருக்கு அது அநியாயமாகப்படும்.

எதிராளியின் ரிசர்வில் என்ன இருக்கிறது என்று ஆட்டத்தின் நடுவில் கேட்கலாமா?

தாராளமாக. எந்தத் தலைவன் எந்த அணியில், யார் எந்த ஊர்தியில், யார் ரிசர்வில் என்பதை இருவரும் ரகசியமாகக் குறித்துக்கொள்வது போருக்கு முன் மட்டும். குறித்து முடித்தவுடன் எல்லாவற்றையும் அறிவித்தாக வேண்டும். அதன்பிறகு மறைப்பதற்கு எதுவும் இல்லை. எந்த வகை ரிசர்வ், டீப் ஸ்ட்ரைக் உண்டா, மொத்தம் எத்தனை புள்ளி என்று எப்போது கேட்டாலும் பதில் சொல்ல வேண்டும். மாடல்களை பெட்டிக்குள் போட்டு வைக்காமல், இருவர் கண்ணிலும் படும்படி மேசையோரத்தில் ஒரு தட்டில் நிறுத்தி வைத்தால் கேட்க வேண்டிய தேவையே குறையும்.